ஒரு நாளைக்கு 30 பக்கம் என்ற கணக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது: திருநெல்வேலியிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம். கம்பெனியில் அத்திவாரப் பிரிவில் போட்டுவிட்டார்கள். 600 பக்க சாயில் மெக்கானிக்ஸ் (மண் இயக்கவியல்) புத்தகத்தை 20 நாளில் முடிக்க நினைத்து, 80ஆம் பக்கத்தில் நிற்கிறீர்கள். ஊரில் படிக்க முடிந்தது, இங்கே ஏன் முடியவில்லை?

ஊர் மாறியதால் புத்தி மழுங்கிவிடாது. பக்கக் கணக்குதான் தப்பு. மண் எப்படி உண்டானது, எப்படி வகை பிரிக்கிறோம் என்ற முதல் பாடங்களை 30 பக்கம் என்ன, 40 பக்கமும் ஒரே நாளில் படிக்கலாம். அதே வேகத்தில் எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் (மொத்த அழுத்தத்தில் நீரழுத்தம் போக மண் துகள்கள் தாங்கும் பங்கு) பாடத்துக்குள் போனால் இடறும். பத்துப் பதினைந்து பக்கம்தான் இருக்கும், ஆனால் அதற்கு ஒரு வாரம் தாராளமாகக் கொடுங்கள். கன்சாலிடேஷன் (சுமை ஏறியதும் களிமண்ணிலிருந்து தண்ணீர் மெல்ல வடிந்து மண் இறுகுவது), ஷியர் ஸ்ட்ரெங்த் (மண் வழுக்கி உடையாமல் தாங்கும் பலம்) எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

புரிந்ததா என்று பார்க்கப் புத்தகத்தை மூடிவிட்டு இதைப் போடுங்கள். களிமண், நிலமட்டம் வரை தண்ணீர், ஒரு கனமீட்டர் எடை 18 கிலோநியூட்டன். 4 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 72 கிலோபாஸ்கல், நீரழுத்தம் மீட்டருக்கு 9.8 வீதம் 39.2, மண் துகள்கள் தாங்குவது 32.8. இப்போது வெள்ளம் வந்து நிலத்துக்கு மேல் ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கிறது. துகள்கள் தாங்குவது எவ்வளவு கூடும்? கூடாது, அதே 32.8தான். மொத்தத்தில் கூடிய 9.8 முழுவதும் நீரழுத்தத்திலும் கூடிவிடுகிறது. சரி, தண்ணீரை இறைத்து மட்டத்தை 2 மீட்டர் கீழே இறக்கினால்? களிமண் ஈரம் விடாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 72தான், நீரழுத்தம் 19.6, துகள்கள் மேல் 52.4. பேஸ்மென்ட் தோண்டத் தண்ணீர் இறைக்கும்போது பக்கத்துக் கட்டடம் இறங்குவது இதனால்தான். இந்த மூன்று நிலையையும் காரணத்தோடு வாயால் சொல்ல வந்தால் அடுத்த பாடத்துக்குப் போங்கள். வராவிட்டால் இன்னும் இரண்டு நாள் அங்கேயே இருங்கள், நஷ்டமில்லை.

சூத்திரம் வரும் பாடங்களில் ஒரு நாளைக்கு 4 முதல் 6 பக்கம், 45 நிமிடமாக இரண்டு தடவை. அதற்கு மேல் கண்தான் ஓடும். முதலில் 15 நிமிடம் படங்களையும் பாடக் கடைசியில் உள்ள கணக்குகளையும் மட்டும் பார்த்துவிட்டால், எதற்காகப் படிக்கிறோம் என்பது தெரிந்துவிடும். பிறகு பேனாவோடு உட்காருங்கள். இங்கே எந்தக் கடையிலும் சீஆர் கொப்பி (நோட்டுப் புத்தகம்) கிடைக்கும், பெரிய அளவு, அதுதான் வசதி. இடப்பக்கம் சூத்திரத்தை நீங்களே வருவித்து எழுதுங்கள், வலப்பக்கம் சந்தேகங்களுக்கு. ஒரு வரி அரை மணி நேரமாகியும் பிடிபடவில்லையா? “புரியவில்லை” என்று எழுதாதீர்கள். எந்த வரியிலிருந்து எந்த வரிக்குப் போகும்போது அறுந்தது என்று எழுதிவிட்டு மேலே போங்கள். மறுநாள் காலை அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

அதிகம் ஏமாற்றுபவை போட்டுக் காட்டியிருக்கும் கணக்குகள். வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். விடையை ஒரு தாளால் மூடிவிட்டுப் போட்டுப் பார்த்தால்தான் தப்பு வெளியே வரும். கன்சாலிடேஷனில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று: 4 மீட்டர் களிமண், மேலும் கீழும் மணல். தண்ணீர் இரண்டு பக்கமும் வடிவதால் வடியும் தூரம் 2 மீட்டர். 4 என்று போட்டால், மண் இறுக எடுக்கும் காலம் தூரத்தின் வர்க்கப்படி கூடும் என்பதால் விடை நான்கு மடங்கு ஆகிவிடும். சைட்டில் அது மாதக்கணக்கு வித்தியாசம்.

இனி கொழும்பின் நேரம். வேலை விட்டு, கோல் ரோடு என்கிற காலி வீதியில் பஸ்ஸில் நசுங்கி வந்து இரவு புதுப் பாடம் எடுப்பது வீண். போர்டிங்கில் மற்றவர்கள் எழும்பும் முன், காலை 5 முதல் 6 வரை புதுப் பாடம். இரவு, கொப்பியில் கிடக்கும் கணக்கு மட்டும். பஸ்ஸில் புத்தகம் வேண்டாம், காலையில் படித்ததை மனதில் ஓட்டிப் பாருங்கள். வெள்ளவத்தையில் இருந்தால் தமிழ்ச் சங்க நூலகம் நடக்கிற தூரம்தான், வார இறுதியில் போய்ப் பாருங்கள்.

மாதத்துக்கு ஒரு போயா (பௌர்ணமி) லீவு வரும். அன்று புதுப் பக்கம் தொடவே வேண்டாம், அந்த மாதம் முடித்த பாடங்களிலிருந்து ஆறு கணக்கு, புத்தகம் பார்க்காமல். புத்தர் பண்டிகையான வெசாக் நாட்களைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள், வெளியே போய் வெளிச்சக் கூடுகளைப் பாருங்கள்.

600 பக்கமும் உங்களுக்கு இப்போது தேவையில்லை. அத்திவாரப் பிரிவுக்கு ஏறக்குறைய பாதி போதும், அணைக்கட்டுப் பகுதியைத் தள்ளி வையுங்கள். அந்தப் பாதிக்கு நான்கைந்து மாதம் என்று எழுதி வையுங்கள். கன்சாலிடேஷன் பாடத்துக்கு வரும்போது ஒரு தடவை கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போய் வாருங்கள். இரண்டு பக்கமும் தெரிகிற சதுப்பு முத்துராஜவெல, கீழே இருப்பது கரிச்சேற்று மண். அதன் மேல் பாதை போட என்ன செய்திருக்க வேண்டும் என்று அன்றிரவு கொப்பியில் எழுதிப் பாருங்கள்.