ஊட்டியில் இன்னொரு கடை போட்டால்தான் முன்னேற்றமா?

கேள்வி: குன்னூரில் சின்ன வர்க்கி (ஊட்டிப் பக்கத்து மொறுமொறு பிஸ்கட்) பேக்கரி வைத்திருக்கிறேன். கடைச் செலவு போக மாதம் சராசரியாக 50,000 ரூபாய் நிற்கும். வீட்டுக்கு 32,000 ஆகிவிடும். நகை அடகில் 5 லட்சம் இருக்கிறது. அதில் 3 லட்சம், மச்சான் காய்கறி லாரி வாங்க நான் கொடுத்தது. மூன்று வருடமாக வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறேன். இப்போது சேரிங் கிராஸ் பக்கம் கூட்டாக ஒரு பிரான்சைஸ் டீக்கடை போடலாம், உன் பங்கு 8 லட்சம் என்கிறார் மச்சான். “ஒரே கடையில் உட்கார்ந்திருந்தால் எப்போது முன்னுக்கு வருவாய்?” என்று கேட்கிறார். எனக்கோ மதியம் இரண்டு மணிக்கு மனைவியிடம் கடையை விட்டுவிட்டு, ஒன்பதாவது படிக்கும் மகளோடு சாயங்காலம் இருப்பதுதான் பிடிக்கிறது. இது சோம்பேறித்தனமா?

பதில்: இல்லவே இல்லை. விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிறவரை யார் சோம்பேறி என்பது? எது உங்களுக்கு நல்ல வாழ்க்கை என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. மச்சான் முன்னால் அதைச் சொல்லத்தான் கூச்சப்படுகிறீர்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த நகைக்கடன்தான். 12 சதவீதம் என்றே வைத்தாலும் வருடம் 60,000. மூன்று வருடத்தில் 1.8 லட்சம் போய்விட்டது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. இதில் பாதிக்கு மேல் மச்சான் லாரிக்கான வட்டி!

டீக்கடைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வாடகை, இரண்டு ஆள் சம்பளம், கரண்ட், கேஸ் எல்லாம் 80,000 என்று வையுங்கள். 8 லட்சத்துக்கு ஐந்து வருடத் தவணை 18,000 வரும். 100 ரூபாய் விற்றால், சரக்குச் செலவும் ராயல்டியும் (பெயருக்காகப் பிரான்சைஸ் கம்பெனிக்குத் தரும் பங்கு) போக 35 நின்றால் பெரிது. அப்படியானால் கையைக் கடிக்காமல் இருக்கவே மாதம் 2.8 லட்சத்துக்கு விற்க வேண்டும். 15 ரூபாய் டீ, தினம் 600-க்கு மேல். ஏப்ரல், மேயில் ஓடலாம். ஜூலை மழையில்? நவம்பரில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நிற்கும் நாட்களில்? போதாததற்கு, சுற்றுலா வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸும் இருக்கிறது. பிரான்சைஸ் விற்பவர்கள் காட்டும் லாபக் கணக்கில் இந்த மாதங்களைத் தேடிப் பாருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வர்க்கி உங்கள் கைத்தொழிலாக இருக்கும்போது, இன்னொருவர் பெயர்ப்பலகைக்கு எதற்குப் பணம்?

வீட்டுச் செலவும் வட்டியும் போக உங்களிடம் மாதம் 13,000 மிஞ்ச வேண்டும், வருடத்துக்கு ஒன்றரை லட்சம். அது மொய்யாகவும் கைமாற்றாகவும் கரைகிறது என்று நினைக்கிறேன். அடுத்த முறை திருப்பி வைக்கும்போது நகைகளைப் பிரித்து, மூன்று தனிக் கடனாக வையுங்கள். அப்போதுதான் பணம் சேரச் சேர ஒவ்வொரு நகையாக மீட்க முடியும். சீசன் பணம் முழுக்க இதற்குத்தான். மூன்று வருடத்தில், அதாவது மகள் பிளஸ் டூ முடிக்கும்போது, எல்லாமே வீட்டுக்கு வந்துவிடும்.

கடையை வளர்க்க ஆசையென்றால் மேட்டுப்பாளையம், கோவைக் கடைகளுக்கு டப்பா போட்டு அனுப்பிப் பாருங்கள். அதற்கு வாடகையும் இல்லை, உங்கள் சாயங்காலமும் போகாது.

அப்புறம் மச்சானிடம், பழைய 3 லட்சத்துக்கு மாதம் 8,000 தரச் சொல்லுங்கள். எழுதி வாங்குங்கள். உங்கள் மனைவியும் கூட இருக்கட்டும், நகை அவருடையதுதானே. அந்தப் பணமும் வந்தால் இரண்டு வருடத்திலேயே கடன் அடையும். தர மாட்டேன் என்றால், புதுக்கடைப் பேச்சை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.