பழகுநர் காலத்தில் விழும் துண்டு: எதைக் கொண்டு அடைப்பது?

கேள்வி: எனக்கு வயது 24. பொருள் விநியோக வேலையில் இருக்கிறேன். பிளம்பிங், பைப் ஃபிட்டிங் தொழிலில் நான்கு ஆண்டு பழகுநர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. என் இப்போதைய மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால், உதவித்தொகை முதலாண்டு மாதம் 60, இரண்டாமாண்டு 70, மூன்றாமாண்டு 85, நான்காமாண்டு 100. வீட்டில் அம்மாவும் நானும்தான். மாதச் செலவு 80. கையிருப்பு 400. கருவிகளை முழு செட்டாகத் தவணையில் வாங்கிவிடலாமா? இல்லை, கட்டணம் கட்டி மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்து சீக்கிரம் சம்பாதிக்கத் தொடங்கலாமா?

பதில்: பழகுநர் பயிற்சியிலேயே சேருங்கள். ஆனால் அதற்கு முன் வீட்டுச் செலவை 80-லிருந்து 72-க்குக் கொண்டுவாருங்கள்.

இப்போதிருக்கும் செலவோடு போனால் முதலாண்டு மாதம் 20, இரண்டாமாண்டு மாதம் 10 துண்டு விழும். இரண்டு ஆண்டில் மொத்தம் 360. கையில் மிஞ்சுவது 40, அதாவது அரை மாதச் செலவு. அம்மாவுக்கு ஒரு வாரம் உடம்பு முடியாமல் போனாலே கடன்தான். செலவு 72 ஆனால் அதே இரண்டு ஆண்டின் பற்றாக்குறை 144-உம் 24-உமாக 168-இல் நின்றுவிடும். கருவிகளுக்கு 30 ஒதுக்கினாலும் 202 மிஞ்சும். கிட்டத்தட்ட மூன்று மாதச் செலவு. மூன்றாமாண்டு மாதம் 13 மீதம் பிடிக்கும். இந்த 8-ஐ இன்றைய வேலையில் இருக்கும்போதே குறைத்துப் பழகிப் பாருங்கள். உதவித்தொகை வரத் தொடங்கியபின் குறைப்பது ரொம்பக் கஷ்டம்.

'இன்னும் ஓராண்டு பணம் சேர்த்துவிட்டுப் போகிறேனே' என்று தோன்றலாம். அப்படித் தள்ளிப்போட்டால் போவது உதவித்தொகை வாங்கும் ஓர் ஆண்டு அல்ல, பிற்காலத்தில் முழுத் தேர்ச்சியோடு சம்பாதிக்கும் ஓர் ஆண்டு. உங்கள் கணக்கில் அவ்வளவு தேவையும் இல்லை.

மூன்று மாத வகுப்பு குழாயை இணைக்கக் கற்றுத்தரும். இணைத்தது ஏன் ஒழுகுகிறது என்பதைக் கற்றுத்தர அந்தக் காலம் போதாது. அரை இஞ்ச் மரையையே (குழாய் முனையில் இருக்கும் திருகு வரி) எடுத்துக்கொள்ளுங்கள். என்பிடி (அமெரிக்க மரை அளவு), பிஎஸ்பி (பிரிட்டிஷ் மரை அளவு) இரண்டிலும் இஞ்சுக்கு 14 மரைதான். அதனால் ஒன்று மற்றொன்றில் கையாலேயே இரண்டு மூன்று சுற்று ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. அழுத்தம் ஏறியதும் அந்த இடைவெளியில் நீர் கசியும். டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் அந்த இணைப்பை நம்ப முடியாது. கையில் வாங்கிய உடனே இதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் மூத்தவர் பக்கத்தில் நின்றால்தான் வரும். உரிமத் தேர்வுக்குச் சான்றளித்த வேலை மணிநேரம் கேட்கும் இடங்களில் அந்த வகுப்பு அதையும் தராது.

கருவிகளில் அகலக்கால் வைக்காதீர்கள். முதலாண்டுக்கு 10 இஞ்ச், 14 இஞ்ச் பைப் ரெஞ்சு இரண்டு (ஒன்று பிடித்துக்கொள்ள, ஒன்று திருக), ஹேக்ஸா, இஞ்ச் டேப், ரசமட்டம், ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், நல்ல பாதுகாப்பு பூட்ஸ், கண்ணாடி போதும். இதில் ரெஞ்சில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். பல் தேய்ந்த ரெஞ்சு வழுக்கினால் விரல் முட்டி சுவரில் மோதும். மரை போடும் இயந்திரம், வெல்டிங் செட், அழுத்திப் பொருத்தும் கருவி இவையெல்லாம் பொதுவாக முதலாளியின் சாமான்கள். நீங்கள் தவணையில் வாங்கி வைத்தால், வேலை இருக்கிறதோ இல்லையோ வட்டி மாதாமாதம் ஓடும்.

உங்கள் கணக்கைக் கவிழ்க்கக்கூடிய இன்னொன்று வகுப்பறை. பல பயிற்சிகளில் வகுப்புத் தேர்வில் தேறினால்தான் அடுத்த ஆண்டின் உயர்வு கிடைக்கும். இரண்டாமாண்டும் 60-லேயே நின்றால் அந்த ஆண்டின் பற்றாக்குறை 24-லிருந்து 144 ஆகிவிடும். பலர் தடுக்கி விழுவது கணிதத்தில். ஒரு குழாயை 45 டிகிரி எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) இரண்டு வைத்து 30 செ.மீ. பக்கவாட்டில் தள்ளிக் கொண்டுபோக வேண்டுமென்றால், சாய்வு நீளம் 30-ஐ 1.414-ஆல் பெருக்கி 42.4 செ.மீ. இது எல்போவின் மையத்திலிருந்து மையத்துக்கான அளவு. இரு முனையிலும் எல்போ எடுத்துக்கொள்ளும் நீளத்தைக் கழிக்காமல் வெட்டினால், வெட்டிய துண்டு நீளமாகிப் பொருந்தாது. சேரும் முன்பே இந்தக் கணக்குகளைப் போட்டுப் பழகுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: வகுப்பு நாளுக்கு உதவித்தொகை உண்டா, வேலை நின்ற வாரத்துக்கு என்ன தருவார்கள், தொலைவான தளத்துக்குப் பயணச் செலவு யாருடையது, அடிபட்டால் சிகிச்சைக்கும் சம்பளத்துக்கும் காப்பீடு இருக்கிறதா. கடைசிக் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால், அந்த 202-லிருந்து முதலில் விபத்துக் காப்பீடு எடுங்கள்.

மூன்றாமாண்டு வாக்கில் பிளம்பிங்கா, பைப் ஃபிட்டிங்கா என்ற தேர்வு வரலாம். வீடு, கட்டடங்களின் பழுது வேலை வருடம் முழுக்க இருக்கும். ஆலைகளின் நீராவி, ரசாயனக் குழாய் வேலையில், குறிப்பாக வெல்டிங் தெரிந்தவருக்கு, கூலி பொதுவாகக் கூடுதல். ஆனால் திட்டம் முடிந்தால் அடுத்தது வரும்வரை இடைவெளி விழும். அந்தப் பக்கம் போவதென்றால் கையிருப்பை ஆறு மாதச் செலவாக உயர்த்திக்கொள்ளுங்கள்.

வேலை மணிநேரக் குறிப்பேட்டில் வாரந்தோறும் மேற்பார்வையாளரின் கையெழுத்தை வாங்கி, அன்றே படமெடுத்து வையுங்கள். நிறுவனம் பாதியில் மூடிவிட்டால், கையெழுத்தில்லாத மணிநேரத்தை வேறொரு முதலாளியிடம் மறுபடி உழைத்துத்தான் நிரப்ப வேண்டியிருக்கும், அதுவும் குறைந்த உதவித்தொகையில்.