மீடியம் சிகாரும் குற்றாலச் சாரலும்

அன்புள்ள அண்ணாச்சி,

துபாயிலிருந்து வந்த மச்சான் இரண்டு சிகார் கொடுத்தான். நிகரகுவா சரக்கு, மீடியம் என்றான். சாரல் நேரத்தில் குற்றாலம் போயிருந்தபோது, காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து அறை வராந்தாவில் ஒன்றைப் பற்றவைத்தேன். மூன்று தடவை அணைந்தது. ஒரு பக்கம் எரிய, மறுபக்கம் அப்படியே நின்றது. முடிக்கும்போது தலை கிறுகிறுத்து வியர்த்துவிட்டது. விமர்சனங்களில் தோல், தேவதாரு, கோகோ என்கிறார்கள். எனக்குப் புகைதான் தெரிந்தது. மீடியம் என்பது பொய்யா, என் நாக்கு சரியில்லையா? இன்னொன்று மிச்சம் இருக்கிறது.

வாசகர், கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள தம்பி,

நாக்கைத் திட்டாதீர்கள். பாதிக் குற்றம் சாரலுடையது, மீதி உங்கள் வெறும் வயிற்றுடையது.

அருவியில் குளித்துவிட்டு வந்தால் பசி எப்படிப் பிடுங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் இட்லிக்குப் பதில் சிகாரா? சிகார் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் வைத்திருந்து விட்டுவிடுவார்கள். அப்படியிருந்தும் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும். பீடி குடிக்கிற பழக்கத்தில் நீங்கள் உள்ளேயும் இழுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அடுத்த தடவை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் கருப்பட்டிக் காப்பி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மீடியம் என்பது பொய் இல்லை. ஆனால் அதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது, செய்கிறவர் சொல்வதுதான். அது வீரியத்தைச் சொல்கிறது, ருசியை அல்ல. செடியின் உச்சியில் வெயிலை வாங்கி முற்றிய இலைக்கு லிகேரோ என்று பெயர். வீரியம் அதில்தான், மெதுவாக எரியும். நடு இலை செக்கோ, மணத்துக்கு. அடி இலை வொலாடோ, நன்றாகப் பிடித்து எரிவதற்கு. லிகேரோவை எவ்வளவு வைக்கிறார்கள் என்பதில்தான் மைல்டும் மீடியமும் ஸ்ட்ராங்கும் பெரும்பாலும் பிரிகின்றன. மீடியமே ஆனாலும் கடைசி மூன்றில் ஒரு பங்கில் வேகம் ஏறத்தான் செய்யும்.

இனி ஈரம். சிகாருக்குச் சுமார் 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். சாரலில் இலை தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். இழுவை அடைக்கும், ஒரு பக்கமாக எரியும், அணையும். நீங்கள் எழுதியது அத்தனையும் அதுதான். நான் செய்தது நேரெதிர். ஒரு மே மாதம், பாளையங்கோட்டை வெயிலில், நல்ல சிகார் ஒன்றை நான்கு நாள் ஃபேனுக்கு அடியில் மேஜைமேல் போட்டு வைத்திருந்தேன். எடுத்தபோது மேலிலை வாழைச்சருகு மாதிரி நொறுங்கியது. பற்றவைத்தால் வெறும் சூடு. அதை வைத்து அந்தச் சிகாரை மட்டமென்று நான்கு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

முக்கூடலில் என் பெரியம்மா பீடி சுற்றுவார். சுளகை மடியில் வைத்து, நனைத்த இலையை இரண்டு விரலால் நிமிண்டியே பதம் வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். இறுக்கிச் சுற்றினால் இழுவை வராது, தொளதொளவென்றால் மளமளவென எரிந்துபோகும் என்பார். சிகாருக்கும் அந்தச் சோதனைதான். அடியிலிருந்து நுனிவரை மெல்ல அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி கட்டியோ பொள்ளலோ இருக்கக் கூடாது. வாயில் வைக்கிற மூடிய தலையை மட்டும் கொஞ்சமாக வெட்டி, பற்றவைக்காமல் ஒரு இழுப்பு. அமோனியா நெடி அடித்தால் இலை சரியாகப் புளிக்கவில்லை. (நம் சுருட்டுக்கு இந்த வெட்டும் வேலை கிடையாது, இரண்டு முனையும் திறந்திருக்கும். ஆங்கிலத்தின் ‘செரூட்’ நம் சுருட்டிலிருந்து போனதுதான். சுடலைமாடன் கொடையில் படையலில் வைக்கிற சுருட்டு மீடியமா ஸ்ட்ராங்கா என்று இதுவரை எந்த மாடனும் கேட்டதில்லை.)

அப்புறம் அந்தத் தோலும் தேவதாருவும். தேவதாரு வாசம் பெரும்பாலும் பெட்டியுடையது. சிகார் பெட்டிகளுக்கான ஸ்பானிஷ் சிடார் உண்மையில் தேவதாருவே அல்ல, நம் வேம்பின் குடும்பத்து மரம். முகர்ந்தறியாத பொருளை வாசத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? போன மாதம் நான் குடித்த மீடியம் ரொபுஸ்டோ (குட்டையான, தடித்த சிகார் அளவுக்கு அந்தப் பெயர்) பற்றி என் நோட்டில் இருப்பது இது. ஐந்து அங்குல நீளம், கட்டைவிரல் பருமன், ஒரு மணி நேரம் வந்தது. பற்றவைக்கும் முன் வைக்கோல் படப்பு வாசம். முதல் பங்கில் புகையை மூக்கு வழியாகக் கொஞ்சம் விட்டபோது மிளகு. நடுப்பங்கில் வறுத்த நிலக்கடலைத் தோல், பிறகு பாகு அடிப்பிடிக்கப் போகிற நேரத்துக் கருப்பட்டி. கடைசியில் சுண்டிய காப்பிக் கசப்பு. அங்கேயே வைத்துவிட்டேன். நடுப்பங்குக்காக மட்டும் இன்னொன்று வாங்குவேன்.

உடம்புக்குக் கேடு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இழுக்கவில்லை என்பதற்காக வாய்ப்புற்று விட்டுவிடாது. நான் வருஷத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மிச்சமிருப்பதைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரப்பதம் காக்கும் பொட்டலத்தோடு இரண்டு வாரம் போட்டு வையுங்கள். சாரல் இல்லாத ஒரு சாயங்காலம் எடுங்கள். முனையைத் தீயில் முக்காமல், சற்று மேலே பிடித்து உருட்டி உருட்டிச் சூடேற்றிப் பற்றவையுங்கள். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும், அவசரப்பட்டால் கசந்துவிடும். குறிப்பெடுத்து எனக்கு அனுப்புங்கள். அதில் தோல் வாசம் என்று இருந்தால், யாருடைய செருப்பு என்று கேட்பேன்.