சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

விமானப் பாதை திட்டமிடும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். சிங்கப்பூர்–நியூயார்க் இடைநில்லா விமானம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: தூரம் 15,300 கி.மீ. என்கிறார் ஒருவர், 16,500 என்கிறார் இன்னொருவர். எது சரி?

இரண்டும் சரிதான். பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருவது 15,300. நீங்களே கணக்குப் போடலாம். சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74 டிகிரி. கூட்டினால் 178. ஏறக்குறைய உலகத்தின் எதிரெதிர்ப் பக்கம். அதனால் நூல் வடதுருவத்தை ஒட்டியே போகும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 89 டிகிரி, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49. ஆக 138. டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கிப் பாருங்கள். எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது!

மற்ற எண்ணான 16,500, பசிபிக் வழியாக விமானம் உண்மையில் பறந்து கடக்கும் தூரம். நாளுக்கு நாள் மாறும்.

கேள்வி: குறுக்கு வழி இருக்க ஏன் சுற்ற வேண்டும்?

காற்றுக்காக. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு ஓடுகிறது. ஜப்பானைத் தாண்டிய பசிபிக்கின் மேல், குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் வீசும். ஆயிரம் கி.மீ. கூடுதலாகப் போனாலும் அதன் முதுகில் ஏறிக்கொண்டால் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதும் உண்டு. அப்போதும் கிழக்கு நோக்கித்தான்! போய்வந்த பயணி உலகத்தையே ஒரு சுற்று சுற்றியிருப்பார்.

பயண நேரம் சுமார் பதினெட்டரை மணி. காற்று நன்றாக இருந்தால் இன்னும் குறையும்.

கேள்வி: நள்ளிரவில் கிளம்பினால் எப்போது இறங்குவோம்?

பன்னிரண்டு மணி தாண்டிக் கிளம்பினால் அதே தேதியில், விடியற்காலையில். நியூயார்க் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியது. அழைக்க வருபவரிடம் தேதியைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எகானமி இருக்கை ஏன் இல்லை?

எடைதான் காரணம். ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானம் 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் ஏற்றும். அதனால் பிசினஸில் 67, எகானமியைவிட விசாலமான பிரீமியம் எகானமியில் 94 என்று மொத்தம் 161 இருக்கைகள்தான். இந்தச் சேவை 2004இல் நான்கு எஞ்சின் ஏ340-500உடன் தொடங்கி 2013இல் நின்றது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. இரண்டு எஞ்சின் கொண்ட இந்த ஏ350 வந்தபின் 2018இல் மறுபடி தொடங்கியது.

கேள்வி: சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய் இதில் ஏறலாமா?

வேண்டாம். சென்னை–நியூயார்க் நேர்க்கோட்டுத் தூரமே 13,500 கி.மீ.தான். துபாய் வழியாகப் போனால் 14,000. சிங்கப்பூர் வழியாக 18,200 ஆகிவிடும். நேர் எதிர்த்திசையில் போய்த் திரும்புவது போல.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, கால் வீங்கும். தாங்குவாரா?

முதலில் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். கால் ரத்தக்குழாயில் முன்பு ரத்தம் உறைந்திருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும், உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை ஆட்டட்டும். கழிவறைக்கு எழ வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள் நம் அம்மாக்கள். அப்படி இருக்க மட்டும் விடாதீர்கள்.