கடற்கரைச் செடிகளை விக்கிக்குப் படம் எடுப்பது எப்படி? வாசகர் கேள்வி பதில்

அடம்பு, உடைமரம், உமரி என்று நம் கரையோரச் செடிகளைப் படம் பிடித்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவது பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பொதுவகம் என்பது எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் சேர்த்து 2004-இல் தொடங்கிய படக்கிடங்கு. அங்கே ஒருமுறை ஏற்றிய படத்தைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என எந்த மொழிக் கட்டுரையிலும் வைக்கலாம்.

கே: தமிழ் விக்கிப்பீடியாவிலேயே நேரடியாகப் படம் ஏற்றலாமா, பொதுவகத்துக்குத்தான் போக வேண்டுமா? என்னிடம் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது.
- கல்லூரி மாணவி, கீழக்கரை

ப: நீங்களே எடுத்த படம் என்றால் பொதுவகம்தான் சரியான இடம். தமிழ் விக்கிப்பீடியாவில் திறந்த கணக்கே அங்கும் செல்லும். 'பதிவேற்று' என்பதை அழுத்தினால் வழிகாட்டி திறக்கும். படத்தைத் தேர்ந்தெடுத்து, 'என் சொந்தப் படைப்பு' என்று குறித்து, உரிமத்தைத் தேர்வு செய்து, தலைப்பு, விவரம், எடுத்த நாள், பகுப்பு (படம் எந்த வகையில் சேரும் என்பது) ஆகியவற்றை நிரப்பி வெளியிட வேண்டும். ஒரே தடவையில் 50 படம் வரை ஏற்றலாம். ஆனால் முதல் முறை இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலைப்பிலோ பகுப்பிலோ பிழை இருந்தால் ஐம்பதையும் திருத்துவது பெரும்பாடு.

கைப்பேசி தாராளமாகப் போதும். தரமான படம் என்ற அங்கீகாரத்துக்குப் பொதுவகம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 2 மெகாபிக்சல்தான். கெடுதல் நடப்பது வேறு இடத்தில். படத்தை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து இறக்கி ஏற்றுகிறார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த நாள், கேமரா, இடம் ஆகிய உள்விவரங்களையும் நீக்கிவிடும். அப்படி வந்த படம், இணையத்திலிருந்து எடுத்ததோ என்ற சந்தேகத்தைப் பொதுவகத்தில் உடனே கிளப்பும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கருவி வழக்கமாகச் சேமிக்கும் ஹெச்இஐசி வடிவத்தைப் பொதுவகம் ஏற்பதில்லை, ஜேபெக் வேண்டும். படத்தின் மூலையில் கைப்பேசியின் பெயரும் தேதியும் விழுகிற வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். உங்கள் பெயர் கோப்புப் பக்கத்தில் நிரந்தரமாக இருக்கும், படத்தின் மேல் எழுத வேண்டியதில்லை.

கே: எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அடப்பங்கொடிப் பூவையே திரும்பத் திரும்ப எடுத்து வருகிறார்கள். ஒரு செடிக்கு எத்தனை படம், எவை எவை?
- ஆசிரியர், மண்டபம்

ப: பூ மட்டும் இருக்கிற படம் அழகாக இருக்கும். ஆனால் அதை வைத்து இது இன்ன செடி என்று ஒருவர் உறுதி சொல்ல முடியாது. கலைக்களஞ்சியத்துக்கு வேண்டியது அந்த உறுதிதான். ஒரு செடிக்கு ஏழெட்டுப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நிற்கும் இடத்தோடு முழுச்செடி, இலையின் மேல்புறம், இலையின் அடிப்புறம், தண்டில் இலைகள் அமைந்திருக்கும் விதம், பூ நேராக, பூ பக்கவாட்டில், காய் அல்லது விதை. மரம் என்றால் பட்டையும் சேரும்.

பக்கவாட்டுப் பூவைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். புல்லிவட்டம், பூக்குழலின் நீளம், காம்பு எல்லாம் அதில்தான் தெரியும். அடம்பில், அதாவது உங்கள் அடப்பங்கொடியில், இலை நுனி இரண்டாகப் பிளந்து ஆட்டுக்குளம்பு போல் இருப்பது ஒரு படம், கணுவில் வேர்விட்டு மணலைப் பற்றியிருப்பது ஒரு படம், காய் வெடித்து உள்ளே பழுப்பு மயிர் மூடிய விதைகள் தெரிவது ஒரு படம். பூ காலையில் விரிந்து வெயில் ஏறினால் வாடிவிடும், ஆகையால் பள்ளி விட்ட பிறகு போனால் பயனில்லை.

நம் கரையில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, ஆண் பெண் தனித்தனியாக இருக்கும் செடிகள். இராவணன் மீசை என்ற கடற்கரைப் புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி மணல்மேடுகளில் காற்றோடு உருண்டு ஓடும் முள்ளுருண்டை பெண்செடியின் தலை. நீண்ட கூரான முட்கள் நாலாபுறமும் நீட்டியிருக்கும். ஒவ்வொரு முள்ளின் அடியிலும் ஒரு கதிர்மணி ஒட்டியிருப்பதை நெருங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆண்செடியின் தலையில் சிறு கதிர்கள் கொத்தாக நிற்கும், அது இப்படி உருள்வதில்லை. இரண்டும் வேறு வேறு செடி என்று நினைத்து வேறு வேறு பெயரில் ஏற்ற வாய்ப்புண்டு. உருண்டையை மட்டும் எடுத்தால் போதாது, செடியில் ஒட்டியிருக்கும்போதும் ஒன்று வேண்டும். இலை நுனி ஊசி போல் குத்தும். பிள்ளைகளைச் செருப்போடு அழைத்துப் போங்கள்.

பனையும் இப்படித்தான். ஆண்பனையின் விரல் போன்ற பாளைக்கும் பெண்பனையின் குரும்பைக் குலைக்கும் தனித்தனிப் படம் வேண்டும். விவரத்தில் 'ஆண்', 'பெண்' என்று எழுத மறக்காதீர்கள்.

அளவு காட்ட ஒரு படத்தில் 15 செ.மீ. ஸ்கேலை வையுங்கள். நாணயம் வேண்டாம். பழைய ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர், 2011-க்குப் பின் வந்தது சுமார் 22. எந்த நாணயம் என்று படத்தைப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

கே: பாம்பன் காற்றில் எந்தப் படமும் தெளிவாக விழுவதில்லை. வெண்மணலில் செடி கறுப்பாகவும் தெரிகிறது.
- வாசகர், பாம்பன்

ப: இரண்டும் வேறு வேறு கோளாறு. காற்றுக்கு ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஆடும் பூவுக்கு 1000-இல் ஒரு பங்கு. கைப்பேசியில் 'ப்ரோ' என்ற முறையில் இதை வைக்கலாம். அந்த வசதி இல்லையென்றால் தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து ஒன்றைப் பொறுக்குங்கள். ஒரு சுள்ளியை மணலில் ஊன்றி, துணி கிளிப்பால் தண்டை அதோடு பிடித்து வைத்தால் பாதித் தொல்லை தீரும்; கிளிப் படத்துக்கு வெளியே இருக்கட்டும். காற்று எழுவதற்கு முன், காலையிலேயே முடித்துக்கொள்வது எல்லாவற்றிலும் மேல்.

கறுப்பாக விழுவதற்குக் காரணம் மணல். சட்டகம் முழுக்க வெளிச்சமாக இருப்பதால் கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிவிடுகிறது. செடியைத் தொட்டுக் குவித்து, வெளிச்சத்தை +0.7 அளவுக்கு ஏற்றுங்கள். கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளைப் பூ என்றால் நேர் எதிராக -0.7. உச்சிவெயிலில் வேறு வழியில்லை என்றால் குடை நிழலில் எடுக்கலாம், ஆனால் வண்ணக்குடை கூடாது. அதன் நிறம் பூவில் விழும்.

படம் முழுவதும் பனிமூட்டம் போல் வெளிறியிருந்தால் லென்சில் உப்புப் படிந்திருக்கிறது. முதலில் ஊதி மணலைப் போக்குங்கள். பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மென்துணியால் துடையுங்கள். காய்ந்த சட்டை நுனியால் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.

கே: உப்பளக் கரையில் இருப்பதை எல்லாம் நாங்கள் உமரி என்கிறோம். செடியை அடையாளம் காட்டும் செயலி ஒவ்வொரு தடவையும் வேறு பெயர் சொல்கிறது. எந்தப் பெயரில் ஏற்றுவது?
- வாசகர், வாலிநோக்கம்

ப: அந்தப் பெயரில் குறைந்தது இரண்டு பேரினங்கள் அடங்கும். தண்டு கணுக்கணுவாக, இலையே இல்லாதது போலத் தோன்றினால் சாலிகார்னியா. சிறு சிறு சதைப்பற்றான இலைகள் தண்டைச் சுற்றித் தனித்தனியாக நின்றால் சுவேடா. சுவேடாவில் எந்த இனம் என்பதற்கு முழுச்செடியின் உயரமும் பூக்கதிரும் நெருக்கத்தில் வேண்டும். இல்லையென்றால் பேரினத்தோடு நின்றுவிடுங்கள். பேரினம் வரை சரியாகச் சொன்ன படம் பயன்படும். தப்பான இனப்பெயரில் ஏற்றிய படமோ பல மொழிக் கட்டுரைகளுக்குள் புகுந்துவிடும், பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்க வேண்டியிருக்கும்.

செயலி சொல்வதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது தரும் பெயரை விளக்கத்தோடு ஒப்பிட ஒரு திட்டவட்டமான அடையாளம் வேண்டும். எருக்கில் பூவிதழ் விரிந்து பின்னால் மடிந்திருந்தால் கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா. நிமிர்ந்து நுனியில் ஊதா இருந்தால் கலோட்ரோபிஸ் புரோசெரா. கரையில் பாதிப்பூ போல விரியும் ஸ்கேவோலா புதரில், பழம் வெள்ளை என்றால் டக்காடா, கறுப்பு என்றால் பிளூமியேரி. காரங்காட்டுக் கண்டல் மரத்தில் இலையைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்புறம் சாம்பல் வெள்ளையாக இருப்பது அவிசென்னியா மரினாவின் அடையாளங்களில் ஒன்று. அதன் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிற்பதை நீர் வற்றிய நேரத்தில் எடுக்க வேண்டும்.

எதுவுமே பிடிபடவில்லையா? பொதுவகத்தில் அடையாளம் காணப்படாத தாவரங்களுக்கென்றே ஒரு பகுப்பு உண்டு. ஊர், நாள், செடியின் உயரம், நின்ற இடம் (மணலா, சேறா, உப்புத்தரையா) எழுதி அதில் போடுங்கள். தெரிந்தவர்கள் பெயர் சேர்ப்பார்கள். உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் கேட்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அங்கே இயல்பாக இருக்கும் உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பது. பொதுவகம் அதை ஏற்காது. உங்கள் கணக்கின் அமைப்பில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கே: சீமைக்கருவேலத்துக்குப் புத்தகத்தில் ஒரு பெயர், இணையத்தில் வேறு பெயர். எதை எழுதுவது?
- வாசகி, சாயல்குடி

ப: புரோசோபிஸ் ஜூலிஃப்ளோராவை 2022-இல் நெல்ட்டுமா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். உடைமரமும் அப்படியே, அக்கேசியா பிளானிஃப்ரான்ஸ் இப்போது வாச்செலியா பிளானிஃப்ரான்ஸ். லண்டன் கியூ தோட்டத்தார் நடத்தும் 'பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் பழைய பெயரைத் தட்டினால் இன்றைய பெயர் வரும். விவரத்தில் இரண்டையும் எழுதுங்கள், கூடவே ஊர்ப்பெயரும். எந்தப் பெயரால் தேடினாலும் படம் கிடைக்கும்.

பெயரைவிட மரத்தை மாற்றிப் போடுவதுதான் பெரிய சிக்கல். சீமைக்கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் நிறத்தில் நீண்ட கதிர். நாட்டுக்கருவேலத்தின் பூ பொன்மஞ்சள் உருண்டை, காய் மணிகோத்தது போல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். உடைக்குப் பூ வெள்ளை உருண்டை, காய் சுருண்டிருக்கும், மரம் குடை விரித்தாற்போல் நிற்கும். பூவும் காயும் இல்லாத முள்மரப் படத்தைத் தயவுசெய்து இனப்பெயரோடு ஏற்றாதீர்கள்.

கே: நான் ஏற்றிய படத்தை ஒரு நாட்காட்டி அச்சகம் எடுத்துப் போட்டு விற்றால் என்ன செய்வது? பிடிக்காவிட்டால் படத்தை நீக்கலாமா?
- வாசகர், இராமநாதபுரம்

ப: விற்கலாம். பொதுவகத்தில் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமமோ, திருத்தத்தைத் தடுக்கும் உரிமமோ கிடையாது. கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் ஏற்றினால், எடுப்பவர் உங்கள் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும்; மாற்றியமைத்து வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் தர வேண்டும். பெயர் போடாமல் அச்சிட்டால் அவருக்கு அனுமதி போய்விடுகிறது. தெரிய வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் அனுமதி தானாகத் திரும்பும். ஆகவே முதலில் எழுதிக் கேளுங்கள்.

ஏற்றிய 7 நாளுக்குள், எந்தக் கட்டுரையிலும் பயன்படாமல் இருந்தால், நீங்களே நீக்கக் கோரலாம். அதற்குப் பிறகு கோரிக்கை ஏற்கப்படும் என்ற உறுதி இல்லை; கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. மனம் ஒப்பாவிட்டால் ஏற்றாமல் இருப்பதே நல்லது. வணிகத்துக்கும் கொடுத்துவிட வேண்டும் என்பது சிலருக்குச் சங்கடம் தருகிறது, அது நியாயமான சங்கடம்தான்.

கே: அலையாத்திக் காட்டில் எடுத்த ஐந்து படத்தில் இரண்டுக்கு நீக்கல் அறிவிப்பு வந்திருக்கிறது. ஒன்று அங்கே வைத்திருக்கும் விளக்கப் பலகை, இன்னொன்று என் அப்பா எடுத்தது.
- வாசகி, தொண்டி

ப: பலகையைப் படம் எடுத்தது நீங்கள், ஆனால் அதிலுள்ள எழுத்துக்கும் ஓவியத்துக்கும் உரிமை வேறொருவருடையது. இந்தியச் சட்டத்தில் பொது இடத்துச் சிற்பத்துக்கும் கட்டடத்துக்கும் இருக்கிற விலக்கு, பலகை ஓவியத்துக்கு இல்லை. அந்தப் படம் நீங்கும். பலகையில் படித்ததை உங்கள் சொற்களில் எழுதலாம்.

அப்பாவின் படத்தை 'சொந்தப் படைப்பு' என்று போட்டதுதான் தவறு. எடுத்தவர் பெயரில் அவர் பெயரை எழுதி, பொதுவகத்தின் தன்னார்வலர் குழுவுக்கு அவரே தன் மின்னஞ்சலிலிருந்து அனுமதி அனுப்ப வேண்டும். பிறகு கோப்பின் பேச்சுப் பக்கத்தில் அதைச் சொல்லுங்கள். அறிவிப்புக்குப் பதில் சொல்லப் பொதுவாக 7 நாள் கிடைக்கும், பேசாமல் இருந்தால் படம் போய்விடும். என்ன எழுதுவதென்று புரியாவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவின் ஒத்தாசைப் பக்கத்தில் தமிழிலேயே கேளுங்கள்.

கே: தீவுகளுக்குப் போய் எடுக்கலாமா? ட்ரோன்?
- வாசகர், இராமேஸ்வரம்

ப: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, 1986 முதல். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். எல்லைக் கடல், உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம். இந்தச் செடிகளுக்கு வானிலிருந்து எடுக்கும் படம் அவசியமும் இல்லை.

இடக்குறியீடு (படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு தசம இலக்கம் என்றால் 11 மீட்டர் துல்லியம், இரண்டு என்றால் ஒரு கிலோமீட்டர். வேரோடு பிடுங்கி விற்கப்படும் மூலிகைக்கு இரண்டோடு நிறுத்துங்கள். வீட்டுத் தோட்டத்தில் எடுக்கும்போது கேமராவின் இடப்பதிவையே அணைத்துவிடுங்கள்.

கே: கரையில் ஒதுங்கும் பாசிகளையும் ஏற்றலாமா? எடுத்தால் வெறும் குப்பைக்குவியலாகத் தெரிகிறது.
- வாசகி, ஏர்வாடி

ப: அவசியம் ஏற்றுங்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசி எடுக்கும் பெண்கள் சொல்லும் பெயர்களையும் விவரத்தில் எழுதுங்கள். வெள்ளைத் தட்டில் இரண்டு விரல்கடை கடல்நீர் ஊற்றி, ஒரே ஒரு பாசியை மிதக்கவிட்டுக் கிளைகளைக் குச்சியால் பிரித்து, நிழலில் வைத்து நேர்மேலிருந்து எடுங்கள். வெயிலில் எடுத்தால் நீர்ப்பரப்பு பளபளக்கும். ஒதுங்கியதை மட்டும் எடுங்கள், பாறையிலிருந்து பிய்க்க வேண்டாம். வேரும் மட்டத்தண்டும் நாடா போன்ற இலையும் இருந்தால் அது பாசி இல்லை, பூக்கும் தாவரமான கடற்புல். அதற்குப் பகுப்பு வேறு. பாசி எடுப்பவர்கள் முகம் தெரிய விழுந்தால் படத்தைக் காட்டிச் சம்மதம் கேட்டபிறகே ஏற்றுங்கள்.