ஓராண்டு ஆர்டரை ஒரே நாளில் உருவாக்கலாமா?

கேள்வி: அணைக்கட்டு அருகே காய்கறியும் நாட்டுக்கோழியும் வைத்திருக்கிறேன். காட்பாடி, சத்துவாச்சாரி பகுதிகளில் 45 வீடுகளுக்குச் செவ்வாய், சனிக்கிழமைகளில் வாடிக்கையாகக் கொடுக்கிறேன். பண்ணைக் கணக்கு மென்பொருளில் ஒரு வருடத்துக்கும் ஆர்டர்களைப் பதிந்துவிட்டேன். விலையை மாற்றினாலும் பில்லில் பழைய விலையே வருகிறது. நிறுத்திய வீடுகளும் டெலிவரி பட்டியலில் நிற்கின்றன. என்ன செய்வது?

பதில்: மென்பொருளில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை, ஓராண்டுக்கும் சேர்த்து உருவாக்கியதுதான் சிக்கல். தொடர் ஆர்டர் என்பது இன்ன வீட்டுக்கு, இன்ன கிழமையில், இன்ன பொருள் என்று எழுதிவைக்கும் ஏற்பாடு மட்டுமே. அதிலிருந்து ஒவ்வொரு தேதிக்கும் எடுக்கப்படும் நகல்தான் பில்லாக மாறும் ஆர்டர். பெரும்பாலான மென்பொருள்களில் நகல் உருவாகும்போதே விலையும் அளவும் அதில் பதிந்துவிடும். ஆண்டுக்கு 104 டெலிவரி நாள், 45 வீடு என்று பெருக்கினால் 4,680 நகல்கள். மூல ஏற்பாட்டில் கத்தரிக்காயைக் கிலோ 60 ரூபாயிலிருந்து 80 ஆக்கினால் இவற்றில் ஒன்றும் அசையாது.

முதலில் தரவுகளை எக்செல் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, கொடுத்து முடித்தவற்றைத் தொடாமல், இனி வரவேண்டிய நகல்களை மட்டும் நீக்கிவிட்டு, எத்தனை நாளுக்கு முன்கூட்டியே நகல் உருவாக வேண்டும் என்பதை ஏழு நாளாகக் குறையுங்கள். விலையை மாற்றும்போது 'இது மட்டும்', 'இனி வருபவை', 'எல்லாம்' என்று மென்பொருள் கேட்டால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். மூன்றாவது சில மென்பொருள்களில் பணம் வாங்கிய பழைய பில் வரை போய்த் திருத்திவிடும். மாதக் கடைசியில் வாடிக்கையாளரிடம் விளக்கம் சொல்லி மாளாது.

முட்டைக்கு வருவோம். புரட்டாசி பிறந்ததும் பல வீடுகள் முட்டையை நிறுத்திவிடும். அப்போது ஆர்டரை அழித்துவிட்டு ஐப்பசியில் புதிதாகப் பதிவது வீண் வேலை. முன்பணம் இருந்தால் அந்தக் கணக்கும் குழம்பும். தொடர் ஆர்டரில் முட்டை இருக்கும் வரியை மட்டும் 'இடைநிறுத்தம்' செய்து, மீண்டும் தொடங்கும் தேதியையும் கொடுத்துவிடுங்கள். மென்பொருளுக்குத் தமிழ் மாதம் தெரியாது என்பதால், காலண்டரைப் பார்த்து ஆங்கிலத் தேதியாகவே குறிக்க வேண்டும்.

பறிப்பு குறையும் நாளில் மூல ஏற்பாட்டில் கைவைக்காதீர்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரி பேர் சொல்லி வாங்கும் காய். வேறு கத்தரியைப் போட்டுச் சரிக்கட்ட முடியாது. ஒரு கிலோ கேட்ட வீட்டுக்கு அரைக் கிலோதான் கொடுக்க முடிந்தது என்றால், அன்றைய நகலில் 'கொடுத்த அளவு' என்ற கட்டத்தில் அரைக் கிலோ என்று திருத்துங்கள். பில் கேட்ட அளவை அல்லாமல் அந்தக் கட்டத்தைப் பார்த்து 40 ரூபாய் போடுகிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

பறிப்புப் பட்டியலைத் திங்கள், வெள்ளி மாலை ஆறு மணிக்கு எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு போனில் சொல்லும் மாற்றங்களை அச்சிட்ட தாளிலேயே பேனாவால் குறித்து, வண்டி திரும்பிய அன்றே நகலில் ஏற்றிவிடுவது போதும்.