அண்ணன் பெயரில் மட்டும் பட்டா இருந்தால் உங்கள் பங்கு போய்விடாது

சகோதரி, இறந்துபோன அப்பா சொந்தமாக வாங்கிய மூன்று ஏக்கர், உயில் இல்லை, இரு அண்ணன்களில் ஒருவர் தன் பெயருக்குத் தனிப்பட்டா வாங்கி விலை பேசுகிறார் என்கிறீர்கள். பதறாதீர்கள். பட்டா வருவாய்க் கணக்குதான், உரிமையைத் தராது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, இரு அண்ணன்கள், நீங்கள் ஆளுக்குக் கால் பங்கு, முக்கால் ஏக்கர். கல்யாணம் ஆனதால் அது குறையாது.

முதலில் நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டு, உங்கள் பெயரில் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பயிர்க்கடன் என்று சொல்லி வாங்கிய கையெழுத்து பல வீடுகளில் இப்படித்தான் முடிந்திருக்கிறது. வாரிசுச் சான்றுடன் கோட்டாட்சியரிடம் பட்டா மேல்முறையீடு செய்யுங்கள். விற்பனையைத் தடுக்க பாகப்பிரிவினை வழக்கும் இடைக்காலத் தடையும் வேண்டும்.

சமாதானமானால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கு, மோட்டார் முறை, குழாய் போகும் வழி, வண்டிப்பாதை நான்கையும் எழுதுங்கள். தண்ணீர் இல்லாத முக்கால் ஏக்கரை யாரும் குத்தகைக்குக்கூட எடுக்கமாட்டார்கள்.